துப்பாக்கிக்குப் பயந்து சுடும் போலீஸ், போலீஸுக்குப் பயந்து துப்பாக்கி வாங்கும் மக்கள்

போலீஸ் அத்துமீறலையும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டையும் அமெரிக்கா இரண்டு தனிச் சண்டைகளாக நடத்துகிறது. இரண்டிலும் விழும் பிணங்கள் அவை ஒரே சண்டை என்று சொல்கின்றன.

2016 ஜூலை 6, இரவு 9 மணி கடந்து ஐந்து நிமிடம். மினசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால் நகரை ஒட்டிய ஃபால்கன் ஹைட்ஸ். பழைய வெள்ளை ஓல்ட்ஸ்மொபைல் கார் ஒன்றை ரோந்து போலீஸ் ஓரம்கட்டுகிறது. ஓட்டி வந்தவர் ஃபிலாண்டோ காஸ்டில், வயது 32. செயின்ட் பால் நகர மான்டிசோரி பள்ளி ஒன்றின் சாப்பாட்டுக்கூடத்துக்குப் பொறுப்பாளர். பக்கத்து சீட்டில் அவருடைய காதலி. பின்சீட்டில் அந்தப் பெண்ணின் நான்கு வயது மகள்.

காவலர் ஜெரோனிமோ யானெஸ் ஜன்னல் அருகே வந்து, பிரேக் லைட் எரியவில்லை என்கிறார். சற்று முன் ரேடியோவில் அவர் சொல்லியிருந்த காரணம் வேறு. காரில் இருப்பவர்கள் ஒரு கொள்ளை வழக்கில் தேடப்படுகிறவர்களைப் போல இருக்கிறார்கள், ஓட்டுகிறவருக்கு அகன்ற மூக்கு என்று சக காவலரிடம் சொல்லியிருந்தார்.

லைசென்ஸும் இன்ஷூரன்ஸும் கேட்கிறார் யானெஸ். இன்ஷூரன்ஸ் அட்டையை நீட்டிய காஸ்டில், நிதானமான குரலில், “ஐயா, ஒன்று சொல்லிவிட வேண்டும். என்னிடம் துப்பாக்கி இருக்கிறது” என்கிறார். அதை எடுக்க வேண்டாம் என்கிறார் காவலர். எடுக்கவில்லை என்கிறார் காஸ்டில். அவர் எடுக்கவில்லை என்று பக்கத்தில் இருந்த பெண்ணும் சொல்கிறார். “எடுக்காதே!” என்ற கத்தலோடு ஏழு குண்டுகள் பாய்கின்றன. ஐந்து காஸ்டிலின் உடலில். பேச்சு தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்த நொடிகளை அந்தப் பெண் ஃபேஸ்புக்கில் நேரலையாக உலகுக்குக் காட்டினார். அதன் முடிவில், பின்சீட்டுக் குழந்தை தன் அம்மாவுக்கு ஆறுதல் சொல்வது கேட்கிறது.

காஸ்டிலிடம் துப்பாக்கி வைத்திருக்க முறையான உரிமம் இருந்தது. துப்பாக்கி அவருடைய கால்சட்டைப் பாக்கெட்டில்தான் கிடந்தது. அதன் குழலில் குண்டு ஏற்றப்பட்டிருக்கவில்லை. 2017 ஜூன் 16 அன்று ஜூரி யானெஸை விடுதலை செய்தது.

சட்டம் கேட்ட அனைத்தையும் செய்த ஒருவர், சட்டம் கொடுத்த உரிமையைக் காவலரிடம் வாய்விட்டுச் சொன்னதற்காகச் செத்தார். அவரைக் கொன்றவர், பயந்தேன் என்று சொல்லி வெளியே வந்தார். அமெரிக்க அரசியலின் வலது பக்கம் துப்பாக்கி உரிமையைப் பேசுகிறது. போலீஸைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் மௌனம் காக்கிறது. இடது பக்கம் போலீஸ் அத்துமீறலைப் பேசுகிறது. துப்பாக்கியை ஒழிக்கும் வேலையை அதே போலீஸிடம்தான் ஒப்படைக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கிச் சாகிறவர்களின் கதை இது.

பயந்தால் போதும்

போலீஸ் சுட்டது சரியா என்று அமெரிக்க நீதிமன்றங்கள் அளக்கும் அளவுகோல் 1989-ல் வந்தது. வட கரோலினாவின் சார்லட் நகரில் நீரிழிவு நோயாளி ஒருவர், சர்க்கரை குறைந்து மயக்கம் வரும் நிலையில் ஆரஞ்சு ஜூஸ் வாங்கக் கடைக்குள் ஓடினார். வரிசை நீளமாக இருந்ததால் உடனே வெளியே ஓடிவந்தார். திருட்டு என்று சந்தேகித்த போலீஸ் அவரைப் பிடித்து விலங்கு மாட்டியது. அந்த இழுபறியில் அவர் கால் எலும்பு முறிந்தது. ‘கிரஹாம் எதிர் கானர்’ என்ற அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி இதுதான்: பின்னால் உட்கார்ந்து யோசிப்பவரின் கண்ணால் பார்க்கக் கூடாது, அந்த இடத்தில், அந்தக் கணத்தில் நிற்கும் நியாயமான ஒரு காவலரின் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், ஆட்களை விடத் துப்பாக்கிகள் அதிகமாக இருக்கும் நாட்டில் இந்த விதி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். யார் இடுப்பிலும் துப்பாக்கி இருக்கலாம் என்பதால் யாரைக் கண்டும் பயப்படலாம். பயப்படலாம் என்பதால் சுடலாம். சட்டபூர்வமான துப்பாக்கி ஒவ்வொன்றும் காவலரின் பயத்தை நியாயமாக்கிக்கொண்டே போகிறது. பல ஊர்களின் போலீஸ் பயிற்சியும் இந்தப் பயத்துக்குத் தீனி போடுகிறது. சாலையில் நிறுத்தும் ஒவ்வொரு காரும் பதுங்குகுழியாக இருக்கலாம் என்ற மனநிலையைக் கற்பிக்கும் ‘போர்வீரர்’ பாணி வகுப்பு ஒன்றில் யானெஸும் 2014-ல் பயிற்சி பெற்றிருந்தார்.

ஒஹையோ மாநிலத்தில் துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்திச் செல்வது சட்டப்படி தவறல்ல. அதே மாநிலத்தில், 2014 ஆகஸ்டில், பீவர்கிரீக் நகர வால்மார்ட் கடைக்குள் ஜான் க்ராஃபோர்ட் என்ற 22 வயதுக் கறுப்பின இளைஞர், விற்பனைக்கு வைத்திருந்த பெல்லட் துப்பாக்கி ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துக் கையில் வைத்தபடி போனில் பேசிக்கொண்டிருந்தார். வந்த போலீஸ் சுட்டுக் கொன்றது. நவம்பர் 22 அன்று கிளீவ்லாந்து பூங்கா ஒன்றில் டாமிர் ரைஸ் என்ற 12 வயதுச் சிறுவன் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்தான். அது பொய்த் துப்பாக்கியாக இருக்கலாம், பையன் சிறுவனாக இருக்கலாம் என்று போலீஸுக்குப் போன் செய்தவர் சொன்ன தகவல் காவலர்களுக்குப் போய்ச் சேரவில்லை. ரோந்து கார் வந்து நின்ற இரண்டு நொடிக்குள் குண்டு பாய்ந்தது. இரண்டு வழக்கிலும் காவலர்மேல் குற்றம் சாட்ட கிராண்ட் ஜூரி மறுத்துவிட்டது.

ஒரு சிறு வெளிச்சம் 2025 மே மாதம் வந்தது. டெக்சாஸில் சுங்கக் கட்டண பாக்கிக்காக நிறுத்தப்பட்ட கார் ஒன்றின் ஓட்டுநர் சுட்டுக் கொல்லப்பட்ட ‘பார்ன்ஸ் எதிர் ஃபீலிக்ஸ்’ வழக்கில், சுட்ட கணத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பார்ப்பது தவறு, அதற்கு முன் நடந்த அனைத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. ஆபத்தைக் காவலரே உருவாக்கிவிட்டு, பிறகு ஆபத்து என்று சுட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அது இன்னும் முழுப் பதில் தரவில்லை.

■ எண்கள் சொல்வது

• அமெரிக்க மக்களிடம் உள்ள துப்பாக்கிகள்: சுமார் 39.3 கோடி. 100 பேருக்கு 120 (2018-ல் வெளியான ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே மதிப்பீடு).

• 2023-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள்: சுமார் 46,700 பேர். பாதிக்கும் மேல் தற்கொலைகள்.

• 2020 முதல் குழந்தைகள், பதின்ம வயதினரின் சாவுக்கு முதல் காரணம்: துப்பாக்கி.

• போலீஸ் சுட்டு இறப்பவர்கள்: ஆண்டுக்குச் சுமார் 1,000 பேர். 2015 முதல் 2024 வரை வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் பதிவு செய்த கணக்கு 10,000-ஐத் தாண்டியது. மக்கள்தொகை விகிதத்தில் பார்த்தால், வெள்ளையரைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் கறுப்பினத்தவர் சாகிறார்கள்.

• 2021-ல் குற்றவாளிகளால் கொல்லப்பட்ட காவலர்கள்: 73 பேர். பெரும்பாலும் துப்பாக்கியால்.

• போலீஸ் அமைப்புகள்: சுமார் 18,000. ஒவ்வொன்றுக்கும் தனி விதி, தனிப் பயிற்சி.

யார் கையில் இருந்தால் உரிமை?

2012-ல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் கொல்லப்பட்டபோது, துப்பாக்கி ஏந்திய கெட்டவனைத் தடுக்கத் துப்பாக்கி ஏந்திய நல்லவனால்தான் முடியும் என்றார் துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் அன்றைய தலைமை நிர்வாகி வெய்ன் லாபியர். அந்த நல்லவர்களுக்கு என்ன நடந்தது?

2018 நவம்பரில் சிகாகோவை ஒட்டிய ராபின்ஸ் என்ற ஊரில், மதுக்கூடம் ஒன்றில் சுட்டவனை மடக்கித் தரையில் அழுத்திப் பிடித்திருந்தார் 26 வயதுக் கறுப்பினக் காவலாளி. உதவிக்கு வந்த போலீஸ் அவரையே சுட்டுக் கொன்றது. அதே மாதம் அலபாமாவின் ஹூவர் நகர மாலில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு, உரிமத்தோடு வைத்திருந்த தன் துப்பாக்கியைக் கையில் எடுத்த 21 வயது இளைஞர் போலீஸ் குண்டுக்குப் பலியானார். அவர்தான் சுட்டவர் என்று முதலில் அறிவித்த போலீஸ், பிறகு அதைத் திரும்பப் பெற்றது. 2021 ஜூனில் கொலராடோவின் அர்வாடா நகரில் காவலர் ஒருவரைக் கொன்ற கொலையாளியைச் சுட்டு வீழ்த்தினார் 40 வயது வெள்ளையர் ஒருவர். கொலையாளியின் துப்பாக்கியை அவர் எடுத்து வைத்திருப்பதைப் பார்த்த காவலர், அவரையும் சுட்டுக் கொன்றார். மூன்று வழக்கிலும் சுட்ட காவலர் மேல் குற்றச்சாட்டு இல்லை. ஓடி வரும் காவலருக்கு நல்லவன் யார், கெட்டவன் யார் என்று தெரியாது. அவர் கண்ணில் படுவது துப்பாக்கி மட்டும்தான்.

துப்பாக்கியோடு சேர்ந்து நிறமும் கண்ணில் படுகிறது. 2020 ஆகஸ்ட் 25 அன்று விஸ்கான்சினின் கெனோஷா நகரில், கறுப்பினத்தவர் ஒருவரைப் போலீஸ் சுட்டதை எதிர்த்துப் போராட்டம் நடந்தது. ஏ.ஆர்.15 வகைத் துப்பாக்கியோடு வந்த 17 வயது வெள்ளையர் கைல் ரிட்டன்ஹவுஸ் இருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு, கைகளை உயர்த்தியபடி போலீஸ் வண்டிகளை நோக்கி நடந்தார். வண்டிகள் அவரைக் கடந்து போயின. தற்காப்பு என்று ஏற்று ஜூரி அவரைப் பின்னர் விடுதலை செய்தது. பாக்கெட்டில் துப்பாக்கி இருப்பதைச் சொன்ன காஸ்டிலுக்குக் கிடைக்காத அவகாசம், கையில் துப்பாக்கியோடு வந்தவருக்குக் கிடைத்தது.

காஸ்டில் கொல்லப்பட்ட இரண்டு நாள் கழித்துத் தேசிய ரைஃபிள் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் அவர் பெயர்கூட இல்லை. உரிமம் பெற்று, விதிப்படி நடந்து கொல்லப்பட்டவருக்காகத் தெருவில் இறங்க வேண்டிய அமைப்பு அது. அதன் உறுப்பினர்களிலேயே பலர் அந்த மௌனத்தைக் கண்டித்தார்கள்.

இந்தப் பாகுபாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. உள்நாட்டுப் போருக்குப் பிறகு தென் மாநிலங்கள் இயற்றிய ‘கறுப்பர் சட்டங்கள்’ விடுதலை பெற்ற அடிமைகள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தன. 1956-ல் மான்ட்கோமரியில் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி உரிமம் கேட்டார், மறுக்கப்பட்டது. ஓக்லாந்தில் போலீஸ் அத்துமீறலைக் கண்காணிக்கத் துப்பாக்கியோடு தெருவில் நின்ற பிளாக் பேந்தர் கட்சியினர், 1967 மே 2 அன்று கலிஃபோர்னியா சட்டமன்றத்துக்குள் ஆயுதத்தோடு நுழைந்தார்கள். குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்தத் தடை போட்டது அந்த மாநிலம். மல்ஃபோர்டு சட்டம் எனப்படும் அதில் கையெழுத்திட்டவர் அன்றைய கவர்னர் ரொனால்ட் ரீகன். ஆதரவு தந்தவர்களில் தேசிய ரைஃபிள் சங்கமும் உண்டு.

துப்பாக்கியைத் தேடிப் போன போலீஸ்

அப்படியென்றால் துப்பாக்கியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடுமா? கட்டுப்பாட்டுச் சட்டம் காகிதத்தில் பிறக்கிறது. தெருவில் அதை நிறைவேற்றுவது போலீஸ். இந்த இடத்தில்தான் சீர்திருத்தவாதிகள் பலர் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

நியூயார்க் போலீஸ் சட்டவிரோதத் துப்பாக்கியைத் தேடுகிறோம் என்று ஆட்களை நிறுத்திச் சோதித்தது. 2011-ல் மட்டும் 6,85,000-க்கும் மேற்பட்ட நிறுத்தங்கள். 2013-ல் இந்த நடைமுறை அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்த நீதிபதி ஷீரா ஷைண்ட்லின் முன்வைத்த கணக்கு அதிர வைக்கும். 2004 முதல் 2012 நடுப்பகுதி வரை 44 லட்சம் நிறுத்தங்கள். நிறுத்தப்பட்டவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர். உடலைத் தடவிச் சோதித்ததில் ஏதாவது ஓர் ஆயுதம் கிடைத்தது 1.5 சதவீதத்தில்தான். பள்ளி விட்டு வரும் பையன்கள் சுவரில் கை வைத்து நிற்கப் பழகினார்கள். துப்பாக்கி கிடைக்கவில்லை, ஒரு தலைமுறையின் நம்பிக்கை போனது.

பால்டிமோரில் நடந்தது இன்னும் கொடுமை. சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பிடிக்க உருவாக்கிய சிறப்புப் படை, அந்த நகரத்தின் பெருமையாகக் காட்டப்பட்டது. 2017 மார்ச் 1 அன்று அதன் காவலர்கள் ஏழு பேரை மத்திய அரசு கைது செய்தது. துப்பாக்கி தேடுகிறோம் என்று வீடு புகுந்து பணத்தையும் போதைப்பொருளையும் கொள்ளையடித்தார்கள். பார்க்காத வேலைக்கு ஓவர்டைம் வாங்கினார்கள். யாரையாவது தவறுதலாகச் சுட்டுவிட்டால் பக்கத்தில் போட்டுவிட வண்டியில் போலித் துப்பாக்கிகள் வைத்திருந்ததாக, படையில் இருந்தவரே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். படைத்தலைவர் வெய்ன் ஜென்கின்ஸுக்கு 25 ஆண்டு சிறை. அவர்கள் போட்ட நூற்றுக்கணக்கான வழக்குகள் நொறுங்கின. அந்த வழக்குகளில் சிறையில் கழிந்த ஆண்டுகளைத் திருப்பித் தர எந்தத் தீர்ப்பாலும் முடியாது.

2022-ல் நியூயார்க்கின் நூறாண்டுப் பழைய துப்பாக்கி உரிமச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ‘ப்ரூயன்’ வழக்கில் ரத்து செய்தது. அந்தச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றத்துக்குக் கருத்து மனு கொடுத்தவர்களில் ஏழைகளுக்காக வாதாடும் நியூயார்க்கின் பொது வழக்கறிஞர்களும் இருந்தார்கள். அவர்கள் துப்பாக்கிப் பிரியர்கள் அல்லர். வசதியானவருக்கு உரிமம் கிடைக்கிறது, எங்கள் கட்சிக்காரருக்குச் சிறைதான் கிடைக்கிறது, அப்படிச் சிறைக்குப் போகிறவர்கள் அனேகமாக எல்லோருமே கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும்தான் என்றார்கள்.

ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதுபவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கிவைக்கும் ‘செங்கொடிச் சட்டம்’ இன்று 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. தற்கொலைகளைத் தடுக்க உதவும் நல்ல சட்டம். ஆனால் மேரிலாண்டில் அது அமலான ஒரே மாதத்தில், 2018 நவம்பர் 5 அதிகாலை, அந்த உத்தரவோடு கதவைத் தட்டிய போலீஸ், கையில் துப்பாக்கியோடு கதவைத் திறந்த 61 வயதுக்காரரை இழுபறியில் சுட்டுக் கொன்றது. எவ்வளவு நல்ல சட்டமும், அதை யார் எந்த நேரத்தில் எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்பதில்தான் உயிர் காக்கும் அல்லது உயிர் எடுக்கும்.

காப்பாற்ற வராத போலீஸ்

துப்பாக்கி வாங்குகிறவர்களின் பக்கம் ஒரு வலுவான கேள்வி இருக்கிறது: போலீஸ் என்னைக் காப்பாற்றுமா? சட்டப்படி அதற்குப் பதில், கட்டாயம் இல்லை. 1999-ல் கொலராடோவின் காஸில் ராக் நகரில், நீதிமன்றத் தடையுத்தரவை மீறி மூன்று மகள்களையும் கணவன் தூக்கிப் போய்விட்டதாக ஒரு தாய் இரவு முழுக்கப் போலீஸிடம் கெஞ்சினார். போலீஸ் அசையவில்லை. மூன்று குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். தடையுத்தரவை அமல்படுத்தும்படி கேட்க அந்தத் தாய்க்கு அரசியல் சட்ட உரிமை கிடையாது என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

2022 மே 24 அன்று டெக்சாஸின் யுவால்டியில் இந்தத் தீர்ப்புக்கு உருவம் கிடைத்தது. ராப் தொடக்கப் பள்ளிக்குள் ஏ.ஆர். வகைத் துப்பாக்கியோடு நுழைந்த 18 வயதுக்காரன் 19 குழந்தைகளையும் இரண்டு ஆசிரியைகளையும் கொன்றான். பல்வேறு அமைப்புகளைச் சேர்ந்த 376 காவலர்கள் அங்கே குவிந்தார்கள். சில நிமிடங்களில் வந்துவிட்ட காவலர்கள் வகுப்பறைக்குள் புகுந்து அவனைக் கொல்ல 77 நிமிடம் பிடித்தது. உள்ளே இருந்த குழந்தைகள் 911 அவசர எண்ணுக்கு போன் போட்டு உதவி கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே, உள்ளே ஓட முயன்ற பெற்றோரைப் போலீஸ் தடுத்துக்கொண்டிருந்தது.

பொம்மைத் துப்பாக்கிக்கு இரண்டு நொடி, நிஜத் துப்பாக்கிக்கு 77 நிமிடம். துப்பாக்கி மலிந்த நாட்டில் பயம் காவலரை இரண்டு விதமாகவும் கெடுக்கிறது. ஓரிடத்தில் அவசரப்பட்டுச் சுட வைக்கிறது. இன்னோரிடத்தில் உறைந்து நிற்க வைக்கிறது. 18 வயதுப் பையன் கடையில் வாங்கிய துப்பாக்கி, கவசம் அணிந்த காவலர்களைத் தாழ்வாரத்தில் நிறுத்தி வைத்தது.

விளைவு, மக்கள் தாங்களே ஆயுதம் வாங்குகிறார்கள். போலீஸ் கையில் நடந்த ஜார்ஜ் ஃப்ளாய்டு கொலையும் கொரோனாவும் சேர்ந்த 2020-ல், துப்பாக்கி தொடர்பான பின்னணிச் சோதனைகள் 3.97 கோடியைத் தொட்டன. 2019 ஜனவரி முதல் 2021 ஏப்ரல் வரை சுமார் 75 லட்சம் பேர் முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கியதாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர். போலீஸை நம்ப முடியாதவர் வாங்கும் துப்பாக்கி, அடுத்த முறை அவரை நிறுத்தும் காவலரின் பயத்தைக் கூட்டுகிறது. இந்த முடிச்சை யார் எந்த நுனியில் இழுத்தாலும் அது இறுகத்தான் செய்கிறது.

நள்ளிரவில் உடைந்த கதவு

குடிமக்களின் சுடும் உரிமையும் காவலரின் சுடும் உரிமையும் நேருக்கு நேர் மோதியது 2020 மார்ச் 13 அன்று, கென்டக்கியின் லூயிவில் நகரில். 26 வயது ப்ரியோனா டெய்லர், மருத்துவமனை அவசரப் பிரிவு ஊழியர். நள்ளிரவு தாண்டிய நேரத்தில் சாதாரண உடையில் வந்த போலீஸ் கதவை உடைத்தது. முன்னாள் காதலரின் போதைப்பொருள் வழக்குக்காக எடுக்கப்பட்ட அந்த வாரன்டில், கதவைத் தட்டாமலே நுழையவும் அனுமதி இருந்தது. தட்டினோம், சொன்னோம் என்கிறது போலீஸ். போலீஸ் என்று எவரும் சொல்லிக் கேட்கவில்லை என்றார் உள்ளே இருந்த காதலர் கென்னத் வாக்கர். திருடர்கள் என்று நினைத்து, உரிமத்தோடு வைத்திருந்த துப்பாக்கியால் ஒருமுறை சுட்டார். ஒரு காவலரின் தொடையில் பாய்ந்தது. போலீஸ் 32 முறை சுட்டது. ப்ரியோனா செத்தார். வீட்டில் போதைப்பொருள் எதுவும் இல்லை.

வீடு புகுபவரைச் சுட வாக்கருக்குச் சட்டம் உரிமை தருகிறது. தன்னைச் சுடுபவரைத் திருப்பிச் சுடக் காவலருக்கும் சட்டம் உரிமை தருகிறது. இரண்டு உரிமைக்கும் நடுவில் நின்ற பெண்ணைக் காக்க எந்தச் சட்டமும் இல்லை. வாக்கர் மேல் போட்ட கொலை முயற்சி வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. வாரன்டுக்கான மனுவில் பொய்த் தகவல் சேர்த்த சதியை, போலீஸ் டிடெக்டிவ் ஒருவர் 2022-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். கண்மூடித்தனமாகச் சுட்ட இன்னொரு காவலருக்கு 2025-ல் 33 மாதச் சிறை கிடைத்தது. அவர் குண்டு யார் மேலும் படவில்லை. ப்ரியோனாவின் உடலில் பாய்ந்த குண்டுகளைச் சுட்டவர்கள் மேல் வழக்கே இல்லை.

லூயிவில் நகரம் குடும்பத்துக்கு 1.2 கோடி டாலர் தந்தது. இத்தகைய இழப்பீடு காவலரின் பையிலிருந்து போவதில்லை, மக்களின் வரிப்பணம். நாட்டின் 25 பெரிய போலீஸ் துறைகள் மட்டும் பத்து ஆண்டில் 320 கோடி டாலருக்கும் மேல் இப்படிக் கொடுத்திருப்பதாக 2022-ல் வாஷிங்டன் போஸ்ட் கணக்கெடுத்தது. நகரங்கள் பணம் கட்டுகின்றன. தவறு செய்தவர் பல நேரம் பணியில் தொடர்கிறார்.

காக்கும் கையும் நடுங்குகிறது

காவலர்களின் பயம் கற்பனையானது என்று சொல்வது அநியாயம். காஸ்டில் இறந்த மறுநாள், 2016 ஜூலை 7 அன்று, டல்லாஸில் போலீஸ் அத்துமீறலை எதிர்த்து நடந்த ஊர்வலத்துக்குக் காவல் நின்ற ஐந்து காவலர்களை ஒருவன் சுட்டுக் கொன்றான். அந்த ஊர்வலத்தில் சட்டப்படி ரைஃபிள் ஏந்தி வந்த அப்பாவி ஒருவரின் படத்தை, சந்தேக நபர் என்று போலீஸே வெளியிட்டது. எல்லோரும் துப்பாக்கி ஏந்தும் ஊரில் சுடுவது யார் என்று கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை அந்நகரப் போலீஸ் தலைவர் டேவிட் பிரவுன் அப்போது வெளிப்படையாகவே சொன்னார்.

துப்பாக்கி வைத்திருக்கும் வீடுகள் அதிகமுள்ள மாநிலங்களில் பணியில் கொல்லப்படும் காவலர்களும் அதிகம், போலீஸால் கொல்லப்படும் மக்களும் அதிகம். ஹார்வர்டு பொதுச் சுகாதார ஆய்வாளர் டேவிட் ஹெமன்வே பங்கேற்ற ஆய்வுகள் இரண்டையும் காட்டியிருக்கின்றன. அப்படியிருந்தும், உரிமமே இல்லாமல் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல 29 மாநிலங்கள் இன்று அனுமதிக்கின்றன. 2021-ல் டெக்சாஸ் இதைச் செய்தபோது, வேண்டாம் என்று எதிர்த்தவர்களில் அந்த மாநிலப் போலீஸ் அதிகாரிகளும் இருந்தார்கள். போலீஸை மதிக்கிறோம் என்று மேடையில் சொன்ன அரசியல்வாதிகள், போலீஸ் சொன்னதைக் கேட்கவில்லை.

■ மாற்றம் தொடங்கிய இடங்கள்

• ராம்சி கவுன்டி, மினசோட்டா: காஸ்டில் கொல்லப்பட்ட அதே மாவட்டம். பிரேக் லைட் போன்ற சில்லறைக் காரணத்துக்காக நிறுத்திய சோதனையில் கிடைக்கும் பொருளை வைத்துப் பெரிய வழக்குப் போடுவதில்லை என்று 2021-ல் அரசு வழக்கறிஞர் ஜான் சோய் அறிவித்தார். அத்தகைய நிறுத்தங்கள் பெருமளவு குறைந்தன. குற்றம் அதனால் கூடவில்லை.

• ஃபிலடெல்ஃபியா: சில சிறு வாகனக் குறைகளுக்காக மட்டும் காரை நிறுத்தக் கூடாது என்ற சட்டம் 2022-ல் அமலுக்கு வந்தது.

• லூயிவில்: தட்டாமல் நுழையும் வாரன்டுகளுக்கு 2020 ஜூனில் தடை. சட்டத்தின் பெயர் ‘ப்ரியோனா சட்டம்’.

• கேம்டன், நியூ ஜெர்சி: 2013-ல் நகரப் போலீஸையே கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். 2012-ல் 67 ஆக இருந்த கொலைகள், 2019-ல் பாதிக்கும் கீழே போயின.

• ஓக்லாந்து, கலிஃபோர்னியா: சுடவும் சுடப்படவும் வாய்ப்புள்ள சிறு குழுவினரை அடையாளம் கண்டு பேசி, வேலையும் உதவியும் தந்த ‘சீஸ்ஃபயர்’ திட்டம். 2012-க்கும் 2018-க்கும் இடையில் கொலைகள் ஏறக்குறைய பாதியாகின.

இரண்டையும் சேர்த்தே பேசுங்கள்

மேலே உள்ள ஊர்கள் எதுவும் துப்பாக்கி உரிமை தரும் அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தத்தைத் தொடவில்லை. 39 கோடி துப்பாக்கிகளும் ஒரே நாளில் மறையும் என்று காத்திருக்கவுமில்லை. துப்பாக்கியும் காவலரும் தேவையில்லாமல் சந்திக்கும் தருணங்களைக் குறைத்தார்கள். ஒரு பிரேக் லைட்டுக்காக இரவில் கார் ஜன்னலருகே ஆயுதத்தோடு ஒருவர் போய் நிற்க வேண்டுமா? தபாலில் ஒரு நோட்டீஸ் போதாதா? போதைப்பொருள் சோதனைக்கு நள்ளிரவில்தான் கதவை உடைக்க வேண்டுமா? இந்தக் கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் சொன்னதிலேயே மாற்றம் தொடங்கியது.

அதோடு நிற்கவும் முடியாது. வாங்குகிறவர் யார் என்று முழுமையாகச் சோதிக்காத விற்பனை தொடரும்வரை, உரிமமே வேண்டாம் என்ற சட்டங்கள் பெருகும்வரை, ஒவ்வொரு காவலரும் ஒவ்வொரு கையையும் சந்தேகிப்பார். அவர் பயத்தையே மன்னிப்பாக ஏற்கும் நீதிமன்றம் இருக்கும்வரை, அந்தச் சந்தேகத்தின் விலையைக் கறுப்பினத்தவரே அதிகம் கொடுப்பார்கள். துப்பாக்கி உரிமை பேசுகிறவர்கள் காஸ்டிலுக்காகவும் ப்ரியோனாவுக்காகவும் குரல் கொடுக்காவிட்டால், அவர்கள் பேசுவது எல்லோருக்குமான உரிமை அல்ல, சிலருக்கான சலுகை. துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்கிறவர்கள், அதை அமல்படுத்தும் போலீஸைச் சீர்செய்யாமல் புதிய சட்டம் கேட்டால், இன்னொரு பால்டிமோருக்குத்தான் வழி செய்கிறார்கள்.

ஆகவே வாக்குக் கேட்டு வரும் எந்தக் கட்சி வேட்பாளரிடமும் அமெரிக்கர்கள் இரண்டு கேள்விகளையும் ஒன்றாக வைக்க வேண்டும்: துப்பாக்கி தவறான கைக்குப் போகாமல் எப்படித் தடுப்பீர்கள்? அதைத் தடுக்க அனுப்பும் கை தவறு செய்தால் யார் பதில் சொல்வார்கள்? ஒன்றுக்கு மட்டும் பதில் வைத்திருப்பவர், ஆண்டுதோறும் விழும் ஆயிரக்கணக்கான பிணங்களில் பாதியை மட்டுமே எண்ணுகிறார். அவருக்கு வாக்கு கிடையாது என்று சொல்லும் துணிச்சல் வாக்காளருக்கு வரும் நாளில்தான் சட்டமன்றங்கள் அசையும்.